டீச்சர் துடைக்காமல் போன சுவர்

மேடையில் வீற்றிருக்கும் ஓவியர் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, எனக்குப் பேச நேரம் கொடுத்துவிட்டு, நான் வாயைத் திறக்கும் முன்பே கைக்கடிகாரத்தைப் பார்க்கும் செயலாளர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் பேசி, நம் டீச்சரைப் பற்றி எனக்குத் தெரியாத பல சங்கதிகளைச் சொன்ன பெரியோர்களே, நாற்காலி போதாமல் பின்சுவரில் சாய்ந்து நிற்கும் என் சனிக்கிழமைத் தோழிகளே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்தப் பேச்சை நானே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். எழுத்தில் பிழை இருக்கும். நல்லவேளை, அது உங்கள் காதில் விழாது. எழுதாததையும் நடுவில் பேசுவேன். அதற்குக் காரணம் எனக்கு முன்னால் பேசியவர்கள்.

செயலாளர் ஐயா என்னை மேடைக்குக் கூப்பிடும்போது, "மாணவிகள் சார்பில் ஒரு மூதாட்டி" என்றார். மூதாட்டி என்பது சரிதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு அறிமுகமா? அதனால் என்னை நானே அறிமுகப்படுத்திக்கொள்கிறேன்.

என் மூத்த பேரன் துறைமுகத்தில் இன்ஜினியர். அங்கே நிற்கும் பெரிய பெரிய கிரேன்கள் எல்லாம் அவன் பொறுப்பு. அவன் சரி என்று சொன்னால்தான் கப்பலிலிருந்து பெட்டி இறங்கும். மூத்த பேத்தி கண் டாக்டர். என் கண்ணில் புரை எடுத்தது அவள்தான். வலிக்கவே இல்லை. அடுத்த பேத்தி வக்கீல். முதல் வழக்கிலேயே ஜெயித்தாள், எதிரே வாதாடியவர் தலை முழுக்க நரைத்தவர். அவள் தம்பி நீச்சலில் வெள்ளிப் பதக்கம் வாங்கியிருக்கிறான். தங்கம் வாங்கிய பையன் வயதைக் குறைத்துச் சொன்னவன் என்று கேள்வி. கடைசிப் பேத்தி இன்னும் பள்ளிக்கூடமே போகவில்லை. ஆனால் யார் கைபேசியைக் கொடுத்தாலும் பூட்டைத் திறந்துவிடுகிறாள்.

இரங்கல் கூட்டத்தில் வந்து பேரப்பிள்ளைகள் பெருமையா என்று முன்வரிசையில் ஒருவர் முகத்தைச் சுளிக்கிறார். பொறுங்கள் ஐயா. காரணம் இருக்கிறது.

இதே மாதிரிதான், மூத்தவன் தொடங்கி வரிசையாக, டீச்சரை முதன்முதலில் பார்த்த அன்றைக்கும் சொன்னேன். அப்போது வக்கீல் பேத்தி சின்னப் பெண். இந்த மண்டபத்தில் நடந்த ஓவியப் போட்டிப் பயிற்சிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வருவேன். காத்திருக்கும் நேரத்தில் கால் வலிக்கும். உட்கார இடம் தேடிப் பின்பக்கம் போனேன். பின்னறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு அம்மா, நெற்றியெல்லாம் கரி. "யாருங்க?" என்றார். நான் ஆரம்பித்துவிட்டேன். பேரன் முதல் பேத்தி வரை அன்றைய தேதிக்கு என்னென்ன பெருமை உண்டோ அத்தனையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார். இந்தக் காலத்தில் யார் கேட்கிறார்கள்?

கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "ரொம்ப சந்தோஷம்க்கா. எல்லாரையும் சொல்லிட்டீங்க. நீங்க யாரு?"

"நான் அவங்க பாட்டி."

"அது அவங்களுக்கு. உங்களுக்கு நீங்க யாரு?"

ஐந்தாம் வகுப்பில் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்டால் காதெல்லாம் சூடாகுமே, அப்படிச் சூடானது. அவரோ அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. "பதில் தெரியலைன்னா பரவால்லைக்கா. அந்த நாற்காலில உட்காருங்க, நாங்க பார்த்துச் சொல்றோம்" என்றார்.

அவர்தான் நம் கரித்துண்டு டீச்சர்.

அந்தப் பெயரை வைத்தது இந்தச் சங்கம். கேலிக்கு வைத்தது. அவர் அதை ஒரு பட்டம் போலத் தூக்கிக்கொண்டு திரிந்தார். இன்றைக்கு அழைப்பிதழில் அந்தப் பெயர் இல்லை. "பெரிய ஓவியரின் துணைவியார்" என்று அச்சடித்திருக்கிறீர்கள். அவருக்கென்று ஒரு பெயர் வைத்த நீங்களே, அவர் செத்த பிறகு அதைப் பறித்துக்கொண்டீர்கள்!

தலைவர் ஐயா பேசும்போது, "அன்னாரின் படைப்புகள் காலத்தால் அழியாதவை" என்றார். கைதட்டல் கூடக் கேட்டது. எந்தப் படைப்பு ஐயா? ஒன்றைச் சொல்லுங்கள். ஒரே ஒன்று. உங்களால் முடியாது. ஏன் முடியாது? காலத்துக்கு நாங்கள் அந்தச் சிரமத்தை வைக்கவே இல்லை. வாராவாரம் ஈரத்துணியை எடுத்து நாங்களே அழித்துவிட்டோம்!

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சனிக்கிழமை வகுப்பு எப்படி நடக்கும் என்று இங்கே மேடையில் இருக்கும் யாருக்கும் தெரியாது. எட்டிப் பார்த்திருந்தால்தானே!

பின்னறையில் ஒரு நீளச் சுவர், வெறும் சுண்ணாம்புச் சுவர். அதன் எதிரே ஒரு நாற்காலி. வாரம் ஒருத்தி அதில் உட்கார வேண்டும். மற்றவர்கள் தரையில் உட்கார்ந்து அவளைப் பார்க்க வேண்டும். கைபேசியெல்லாம் வாசலில் இருக்கும் கூடைக்குள். கரித்துண்டு ஒன்றே ஒன்று. யாருக்கு என்ன தெரிகிறதோ, எழுந்துபோய் அதை மட்டும் சுவரில் வரைந்துவிட்டு, கரியை அடுத்தவள் கையில் கொடுத்துவிட்டு வந்து உட்கார வேண்டும். ஒருத்தி தோளைப் போடுவாள். ஒருத்தி முழங்கையைப் போடுவாள். எதுவும் தெரியாவிட்டால் கரியைக் கைமாற்றிவிட்டுச் சும்மா பார்க்க வேண்டும். வகுப்பு முடியும்போது சுவரில் ஒரு ஆள் இருப்பாள். அது யார் வரைந்தது? எல்லோரும். யார் கையெழுத்து? யாருடையதும் இல்லை. ஒரு வாரம் அது அங்கே இருக்கும். அடுத்த சனிக்கிழமை, உட்கார்ந்தவளே வந்து ஈரத்துணியால் தன்னைத் துடைக்க வேண்டும். பிறகு அடுத்தவள் உட்காருவாள்.

இதுதான் டீச்சரின் பள்ளிக்கூடம். இதுதான் பாடம்.

முதலில் இந்த வகுப்பு இந்தப் பெரிய மண்டபத்தில்தான் நடந்ததாம். மீன்கார அக்கா வந்தாள், பேருந்துக் கண்டக்டர் வந்தாள், ஆஸ்பத்திரியிலிருந்து வேலை முடிந்து நர்ஸம்மா வந்தாள். உடனே உங்களுக்குத் தரை அழுக்கானது. கரித்தூள் பறந்தது. மீன் வாடை வந்தது. சாமான் போடும் பின்னறைக்குத் துரத்தினீர்கள். டீச்சர் சண்டை போடவில்லை. "அங்கே சுவர் பெருசு" என்றாராம். ஒவ்வொரு கண்காட்சியிலும் எங்கள் வகுப்புக்கு ஒரு மூலை கேட்டார். "காட்டுவதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது?" என்று நீங்கள் கேட்டீர்கள். இல்லை என்று தெரிந்தே கேட்டீர்கள். இன்றைக்கு அழியாத படைப்பு என்கிறீர்கள். அன்றைக்கு இல்லாத படைப்பு இன்றைக்கு எப்படி அழியாமல் போனது?

மீன்கார அக்கா முதன்முதலில் நாற்காலியில் உட்கார்ந்த நாளைச் சொல்கிறேன். ஒரு நிமிடம் சும்மா இருக்க முடியவில்லை அவளால். "என்னடி இப்படிப் பார்க்கறீங்க எல்லாரும்? செவுளைத் தூக்கிப் பார்க்கலையே, அதுவரைக்கும் சரி. வாங்கப் போறீங்களா என்னை?" என்று கத்தினாள். நாங்கள் சிரித்தோம். டீச்சர், "வாங்கறவங்க இப்படிப் பார்க்க மாட்டாங்க, நீ உட்காரு" என்றார். கொஞ்ச நேரத்தில் அவள் பேச்சு நின்றது. கரி கைமாறிக் கைமாறிப் போய்க்கொண்டிருந்தது. முடிந்ததும் எழுந்து வந்து சுவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "இவ்வளவு களைப்பாவா இருக்கேன்? யாருமே சொல்லலையே!"

யார் சொல்வார்கள்? அவளிடம் மீன் வாங்கிய ஊரெல்லாம் மீனைத்தான் பார்த்தது.

அடுத்த வாரம் அவள் தன்னைத் துடைத்தாள். காலில் ஆரம்பித்து மேலே போனாள். முகத்தைக் கடைசிவரை விட்டு வைத்திருந்தாள்.

நான் உட்கார்ந்த அன்று என் வலது கன்னத்து மச்சத்தை யாரோ சுவரில் போட்டிருந்தார்கள். வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். "ஏங்க, என் கன்னத்துல மச்சம் எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டேன். திரும்பாமலே, "எந்த மச்சம்?" என்றார். நாங்கள் கல்யாணமாகிப் பேரன் பேத்தி எடுத்தவர்கள்! சண்டை போட்டேன். அதற்குப் பிறகு டிவியை அணைத்துவிட்டு என்னை உட்கார வைத்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்துவிட்டு, "இடது பக்கம்" என்றார். என் முறைப்பைக் கண்டு, "எனக்கு இடது" என்று திருத்திக்கொண்டார். அவர் அதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம், பாவம்.

அன்பு என்று எல்லோரும் பெரிதாகப் பேசுகிறோம். அன்பு எங்கே இருக்கிறது? சோறு போடுவதிலா? சேர்ந்து படுப்பதிலா? நல்ல நாள் பார்த்து வாழ்த்து அனுப்புவதிலா? ஒரு மனுஷியை, அவளிடம் எதையும் கேட்காமல், ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க முடியுமா உங்களால்? முடியுமானால் பேசுங்கள். முடியாவிட்டால் சும்மா இருங்கள்.

டீச்சர் பாராட்டவே மாட்டார். அதையும் சொல்ல வேண்டும். செத்துப்போனவர் என்பதால் பாகு காய்ச்சி ஊற்ற நான் வரவில்லை. வாய் கொஞ்சம் பொல்லாத வாய். நர்ஸம்மா உட்கார்ந்தபோது நான் போய் ஒரு கண் வரைந்தேன். நீளமாக, ஓரம் தூக்கி, இமையெல்லாம் எண்ணி எண்ணி வைத்து. காலண்டரில் இருக்கும் கண். டீச்சர் வந்து பக்கத்தில் நின்றார்.

"இது யாரு கண்ணு?"

"நர்ஸம்மா கண்ணுதான் டீச்சர்."

"நல்லா இருக்கே. எங்கே விக்கறாங்கன்னு சொல்லுங்க, பாவம், அவங்க வாங்கிக்கட்டும். இப்போதைக்கு அவங்ககிட்ட இருக்கறது வேற கண்ணு. ராத்திரி முழுக்க முழிச்ச கண்ணு. அதைப் பார்த்துட்டு வாங்கக்கா."

நான் அழித்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்து பார்த்தேன். படிப்பு என்றால் அதுதான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் தெரிந்துகொண்டதைச் சொல்லச் சொன்னார்கள். இவர் தெரிந்ததை மறந்துவிட்டு எதிரே இருப்பதைப் பார்க்கச் சொன்னார். இரண்டாவதுதான் கஷ்டம்.

கண்டக்டர் ஒரு நாள் எல்லோர் சார்பிலும் கேட்டுவிட்டாள்: "வரையறோம், துடைக்கறோம், வரையறோம், துடைக்கறோம். என்ன கண்டோம் டீச்சர்? பேப்பர்ல வரைஞ்சா வீட்டுல மாட்டலாம்ல?"

"நேத்து என்ன சாப்பிட்டே?"

"ஏதோ சாப்பிட்டேன்."

"அதை எங்கே மாட்டி வெச்சிருக்கே?"

டீச்சர் கரியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"போயிருச்சுல்ல? ஆனா அந்தத் தெம்புலதானே இன்னிக்கு என்னைக் கேள்வி கேட்டுக்கிட்டு நிக்கறே? போ, போய் அவ காதைப் பாரு."

எனக்குக் கடவுள் நம்பிக்கை அதிகம். விடிந்ததும் விளக்கேற்றிக் கும்பிடாமல் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்க மாட்டேன். டீச்சர் எங்கேயும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. ஒரு நாள் மனசு பொறுக்காமல், "உங்களுக்குக் கடவுள் நம்பிக்கையே இல்லையா?" என்று கேட்டேன். "இருக்குக்கா. ஆனா எங்களுக்குள்ள இப்போ பேச்சுவார்த்தை இல்லை" என்றார். கோபித்துக்கொண்ட சம்பந்தி வீட்டைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். ஆனால் நான் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். நாற்காலியில் ஒருத்தி வந்து உட்கார்ந்ததும், கரியை எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால், டீச்சர் ஒரு கணம் கண்ணை மூடுவார். கேட்டால், "கண்ணுக்கு ஓய்வு" என்பார். நான் நம்பவில்லை. நான் கும்பிடும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இப்போது கசப்பான இடத்துக்கு வருகிறேன். இதுவரை இனிப்பாகவா பேசினாய் என்று கேட்காதீர்கள்.

இந்த மண்டபச் சுவர்களைப் பாருங்கள். எல்லாம் டீச்சருக்கு முன்பே காலமான அவர் கணவர், பெரிய ஓவியர், வரைந்த படங்கள். அவர் பெரிய ஓவியர்தான். நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். அதோ அந்தப் பித்தளைக் கிண்ணமும் பழங்களும். அந்தக் கிண்ணத்தைத் துலக்கி, பழத்தை அடுக்கியவர் டீச்சர். அதோ அந்த ஜன்னல். வெயில் இப்படித்தான் விழ வேண்டும் என்று அவர் சொல்ல, திரைச்சீலையை ஒதுக்கிப் பிடித்தபடி பொழுதெல்லாம் நின்றவர் டீச்சர். படத்தில் ஜன்னல் இருக்கிறது. வெயில் இருக்கிறது. ஒதுக்கிய திரை இருக்கிறது. பிடித்த கை இல்லை.

இத்தனை படத்தில் ஒன்றிலாவது டீச்சர் இருக்கிறாரா? தேடிப் பாருங்கள். நான் தேடிவிட்டேன்.

மீன்கார அக்காவுக்கு நாக்கில் நரம்பு கிடையாது, கேட்டேவிட்டாள்: "டீச்சர், உங்க வீட்டுக்காரர் உங்களை ஒரு தடவைகூட வரையலையா?"

டீச்சர் சிரித்தார். "உட்கார வெச்சாரு. நான் அசைஞ்சுக்கிட்டே இருந்தேனாம். கிண்ணம் அசையாது பாரு" என்றார்.

அவரை நாற்காலியில் உட்காரச் சொல்லி நாங்கள் எவ்வளவோ கேட்டிருக்கிறோம். "நான் உட்கார்ந்துட்டா யாரு திட்டறது?" என்று தட்டிக் கழிப்பார். கடைசிச் சனிக்கிழமை அப்படித் தட்டிக் கழிக்க முடியவில்லை. சங்கத்துப் படி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. நிற்க முடியாமல், பக்கத்தில் இருந்த நாற்காலியில், அந்த நாற்காலியில், உட்கார்ந்துவிட்டார். நர்ஸம்மா ஓடிப்போய் நாடி பார்த்தாள். தண்ணீர் கொடுத்தோம். கொஞ்சம் தெளிந்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். கண்டக்டர் கையை நீட்டித் தடுத்துவிட்டாள்: "வண்டி கிளம்பியாச்சு டீச்சர். நடுவுல இறங்கக் கூடாது."

அவரே கரியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். கண்ணை மூடினார். திறந்தார். நாங்கள் பார்த்தோம்.

அன்றைக்கு அந்த அறையில் யாரும் ஜோக் அடிக்கவில்லை. ஒவ்வொருத்தியாகப் போனோம், வந்தோம். தளர்ந்த தோள், மடியில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்த கை, நெற்றிக் கரி. கரிக்கு மேல் கரி வைக்க வேண்டியிருந்தது. முடிந்ததும் கைத்தாங்கலாக எழுந்து சுவர் பக்கம் போனார்.

"காது தப்பு" என்றார். "யாரு போட்டது?"

நான் கையைத் தூக்கினேன்.

திருத்துவதற்காகக் கரியை வாங்கினார். சுவரை ஒட்டி நின்றார். கை மேலே போனது. பிறகு இறங்கியது. கரியை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இருக்கட்டும்க்கா. நான் அசையாம இருந்திருந்தா அவர் வரைஞ்சிருப்பாருன்னு இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டே இருந்தேன். இப்போ மூச்சு வாங்கி ஆடிக்கிட்டுத்தானே உட்கார்ந்திருந்தேன்? நீங்க வரைஞ்சுட்டீங்களே."

அவ்வளவுதான் சொன்னார். கதவைச் சாத்தும்போது இன்னொரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் வந்து துடைக்கறேன்" என்றார்.

வரவில்லை. அந்த வாரத்திலேயே போய்விட்டார்.

அடக்கம் முடிந்து நாங்கள் எல்லோரும் டீச்சர் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். யார் துடைப்பது? அதுதான் பேச்சு. "சட்டம்னா சட்டம், டீச்சருக்காக நாம துடைக்கணும்" என்றாள் கண்டக்டர். "தொட்டுப் பாரு, கையை நறுக்கிடுவேன். என்கிட்ட கத்தி இருக்கு" என்றாள் மீன்கார அக்கா. துடைத்தால் டீச்சரைத் துடைத்த மாதிரி. துடைக்காவிட்டால் டீச்சர் பேச்சை மீறின மாதிரி. ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை. கடைசியில் நான் சொன்னேன்: சனிக்கிழமை போவோம், அந்தப் படத்துக்கு எதிரே உட்காருவோம், எதுவும் வரையாமல் பார்ப்போம், பார்த்த பிறகு முடிவு செய்வோம். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை வந்தோம். கதவு திறந்திருந்தது. உள்ளே ஈரச் சுண்ணாம்பு வாசனை.

செயலாளர் ஐயா வாசலிலேயே நின்றிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. நடந்த பேச்சை அப்படியே சொல்கிறேன். தப்பாக இருந்தால் அவர் இங்கேயே திருத்தட்டும்.

"வாங்கம்மா, வாங்க. டீச்சர் ரூமை எப்படிப் பளபளன்னு ஆக்கிட்டோம் பார்த்தீங்களா? கூட்டத்துக்கு வர்றவங்க எல்லாம் வந்து பார்ப்பாங்க. அசிங்கமா இருக்கக் கூடாதுல்ல?"

"தம்பி, இந்தச் சுவத்துல ஒரு படம் இருந்துச்சே?"

"ஆமாம்மா. ஒரே கரிக் கிறுக்கல். யாரோ ஒரு வயசான அம்மா உட்கார்ந்திருக்கற மாதிரி. நீங்க வரைஞ்சதா? கவலைப்படாதீங்க, வேற இடத்துல வரைஞ்சுக்கலாம்."

"அது யாருன்னு தெரியலையா?"

"உங்கள்ல யாராவது இருக்கும்."

கேட்டீர்களா சபையோரே? உங்கள்ல யாராவது! இந்தச் சங்கத்தின் படிகளில் எத்தனை வருஷம் அந்த அம்மா ஏறி இறங்கினார்? எத்தனை தடவை இவர் வணக்கம் சொன்னார், அவர் வணக்கம் சொன்னார்? வணக்கம் சொல்லும்போது யாரைப் பார்த்துச் சொன்னார்? பெரிய ஓவியரின் மனைவியைப் பார்த்தார். பின்னறைச் சாவி கேட்டு வரும் தொந்தரவைப் பார்த்தார். டீச்சரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சுவரில் தெரிந்திருக்கும்.

படம் சரியில்லை, அதனால்தான் அடையாளம் தெரியவில்லை என்று நீங்கள் சொல்லலாம். காது தப்பு, அதை நானே ஒத்துக்கொள்கிறேன். ஒரு காது தப்பினால் ஆளே தெரியாமல் போவாளா?

டீச்சரை வரைந்தது வாழ்க்கையில் ஒரே ஒரு படம். அது கடைசியில் ஈரத்துணிக்குப் போக வேண்டியதுதான். எங்களுக்கு அது தெரியும். அதற்கு நாங்கள் அழவில்லை. ஆனால் துடைக்க வேண்டிய கை எது? உட்கார்ந்தவள் கை. அவள் தன்னைப் பார்த்துவிட்டு, போதும் என்று தானே துடைக்க வேண்டும். அதுதான் எங்கள் வகுப்பு. யாரென்றே தெரியாத ஒருவர், மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு, பட்டை பிரஷ்ஷால் அடித்துவிட்டுப் போவது அல்ல!

அதோடு நின்றதா? "இனிமே இந்த அறை ஓவியத் தம்பதியர் நினைவு அறைம்மா" என்றார். பெரிய ஓவியரின் படங்களில் மீதி இருப்பதை அங்கே மாட்டப் போகிறார்களாம். நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதில் டீச்சரின் மூக்குக்கண்ணாடி. கதவுக்குப் புதுப் பூட்டு. விசேஷ நாளில் திறப்பார்களாம். அவர் பார்த்ததையெல்லாம் பூசி மறைத்துவிட்டு, எதைக் கொண்டு பார்த்தாரோ அதைப் பெட்டிக்குள் வைக்கிறீர்கள்! உயிரோடு இருக்கும்போது கணவர் படத்தில் இவருக்கு இடம் இல்லை. செத்த பிறகு இவர் சுவரில் கணவர் படமா? நன்றாக இருக்கிறது உங்கள் நினைவு! அப்படியானால் சனிக்கிழமை நாங்கள் எங்கே போவது என்று கேட்டேன். "அதான் டீச்சரே இல்லையேம்மா" என்றார்.

டீச்சர் இல்லை. எனக்குத் தெரியும். அவர் முகத்தை மூடும்போது பக்கத்தில் நின்றவள் நான். ஆனால் நாங்கள் இருக்கிறோம். நாற்காலி இருக்கிறது. கரி இருக்கிறது. நன்றாக வாழ்ந்தவர் என்று அவரைச் சொல்கிறீர்களே, அவர் எப்படி நன்றாக வாழ்ந்தார்? வீடு கட்டினாரா? பட்டம் வாங்கினாரா? அவரால் ஒரு மீன்காரிக்குத் தன் களைப்பு தெரிந்தது. ஒரு கிழவிக்குத் தன் கன்னம் தெரிந்தது. இந்த ஊரில் எத்தனை பெண்கள் இன்னும் அந்த நாற்காலியில் உட்காரவில்லை என்று நினைத்துப் பாருங்கள். அந்த அறையைப் பூட்டினால் அவர்களையும் சேர்த்துத்தான் பூட்டுகிறீர்கள்.

ஆகையால் இந்தச் சபை அறியக் கேட்கிறேன். தலைவர் ஐயா, நினைவு அறை வேண்டாம். அறை வேண்டும். பூட்டை மாற்றாதீர்கள். பெட்டியைத் தூக்கி இந்த மண்டபத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இங்கே இடம் நிறைய இருக்கிறது. அந்தச் சுவரில் மட்டும் ஒரு ஆணிகூட அடிக்காதீர்கள்.

செயலாளர் ஐயா ஏதோ சொல்கிறார். சத்தமாகச் சொல்லுங்கள் தம்பி, பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்கவில்லை. "கமிட்டியில் பேசலாம்" என்கிறார். பேசுங்கள். கமிட்டி முழுக்க இதோ மேடையில்தான் உட்கார்ந்திருக்கிறது. இப்போதே பேசுங்கள், நான் ஓரமாக நிற்கிறேன்.

தலைவர் ஐயா தலையசைக்கிறார். எதற்கு அசைக்கிறீர்கள் ஐயா? துக்கத்துக்கா, பூட்டுக்கா?

பூட்டுக்குத்தானாம். எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். கண்டக்டர், நீயும் கேட்டுக்கொள். பூட்டை மாற்ற மாட்டார்களாம்.

நன்றி ஐயா. என் கோபம் இன்னும் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று மரியாதைக்காகப் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வருகிற சனிக்கிழமை நாங்கள் வருவோம். அதற்கடுத்த சனிக்கிழமையும் வருவோம். என் கால் நடக்கும்வரை நான் வருவேன், நடக்காவிட்டால் மூன்றாவது வரிசையில் இருப்பவர் தூக்கிக்கொண்டு வருவார். இது டீச்சர் மேல் ஆணை. திட்டுவதற்கு அவர் இல்லை, ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொள்வோம்.

செயலாளர் தம்பி, முதல் ஆளாக நீங்கள் வந்து உட்காருங்கள். பழிவாங்க இல்லை. உங்களை உட்கார வைத்து, எதுவும் கேட்காமல், யாராவது பார்த்து எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். உங்கள் முகத்திலேயே எழுதியிருக்கிறது. மீன்கார அக்கா கத்தியை வீட்டில் வைத்துவிட்டு வருவாள்.

கடைசியாக ஒன்று. டீச்சர் போய்விட்ட செய்தியைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டீர்களே, அதில் ஒரு படம் இருக்கிறது. பெரிய ஓவியர் நடுவில் நிற்கிறார். ஓரத்தில் டீச்சரின் பாதி முகம். அதைத்தான் நீங்கள் எல்லோருக்கும் அனுப்பினீர்கள். என் பேரப்பிள்ளைகளும் ஆளுக்கு ஒரு ஊரில் உட்கார்ந்துகொண்டு அதைப் பார்த்துவிட்டு, "பாட்டி, இதுல உங்க டீச்சர் யாரு?" என்று கேட்டார்கள். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். சனிக்கிழமை வகுப்பு நடக்கும்போது வாசலில் நின்று ஒரு படம் எடுங்கள். உள்ளே வர வேண்டாம், கைபேசிக்கு உள்ளே இடமில்லை. கதவு திறந்திருப்பது தெரிந்தால் போதும். அந்தப் புதுப் படத்தைப் போடுங்கள்.